ஏரிக் கரையின் அடியில் ஈரம்: எப்போது பயப்பட வேண்டும்?

கேள்வி: செம்பரம்பாக்கம் ஏரிக் கரைக்குக் கீழே, குன்றத்தூர் பக்கம் வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஏரி நிரம்பும்போதெல்லாம் கரையின் அடியில் ஓர் இடம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. "பழைய கரை, என்றைக்காவது உடையத்தான் போகிறது" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். உண்மையில் ஆபத்தா? யாரிடம் சொல்வது?

பதில்: முதலில் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். கசிகிற நீரை அதில் பிடித்து, அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் எதுவும் படியாமல் நீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கலாம். மண் கரை எதுவானாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். மண்டியோ மெல்லிய மணலோ படிந்தால், கரை தன் மண்ணை இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே புகார் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த அரிப்பு வெளியே தெரியாமல் வளரும். நீர் வெளியேறும் இடத்தில் முதலில் ஒரு பிடி மண் போகும். அப்புறம் அந்த ஓட்டை கரைக்குள் பின்னோக்கி, ஏரியை நோக்கி நீண்டுகொண்டே போகும். அது நீரைத் தொட்டுவிட்டால் சில மணி நேரத்தில் கரையே இருக்காது. இலங்கையின் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றாண்டுகளாக நின்ற கரை அது. உள்ளே நீர் மண்ணை அரித்துக்கொண்டு போனதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே "பழசு, அதனால் உடையும்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட மண் கரை காலப்போக்கில் இறுகத்தான் செய்யும். முதுமை முதலில் தெரிவது கரையை ஊடுருவிப் போகும் கட்டுமானங்களில். மதகின் கல், செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, குழாய் எல்லாம் தளரும். மண்ணும் கட்டடமும் சேரும் அந்த ஓரம்தான் நீருக்குப் பிடித்த வழி. உங்கள் ஈரம் மதகை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நீர் தெளிவாக இருந்தாலும் பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

மரத்தையும் கவனியுங்கள். கரைமேல் வளர்ந்த பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேர் மக்கியதும் அது இருந்த இடம் முழுக்கக் குழாயாகிவிடும். எலி வளை, நண்டு வளைக்கும் இதே கதைதான்.

கரைமேல் நடக்கும்போது ஓரிடம் மட்டும் உட்கார்ந்தாற்போல் தாழ்ந்திருக்கிறதா, நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஏரி மட்டம் மளமளவென்று இறங்கிய வாரங்களில் உட்பக்கச் சரிவு சரிய வாய்ப்பு உண்டு. நீரின் தாங்கல் போய்விடும், மண்ணுக்குள் ஊறிய ஈரம் மட்டும் அங்கேயே நிற்கும்.

தரையிலிருந்து ஊற்றுபோல மணலைக் கொப்பளித்துக்கொண்டு நீர் வந்தால் களிமண் போட்டு அடைக்க யாரையும் விடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்கிற இந்த வேலை, நீரை வேறோர் இடத்தில் பீறிட வைக்கும். மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கிவிடும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி உள்ளே நீரைக் கொஞ்சம் தேக்கினாலும் வேகம் குறையும். இதை நீர்வளத் துறை ஆட்கள் செய்ய வேண்டும். தகவலை உடனே கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

ஷட்டர் தனி விஷயம். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்திலும், 2024 ஆகஸ்டில் துங்கபத்ராவிலும் அணை அப்படியே நிற்க, சங்கிலி அறுந்து ஷட்டர் ஒன்று போய்விட்டது. துரு, மசகு இல்லாமை, வருடக்கணக்காக மாற்றாத சங்கிலி இவற்றை வெளியிலிருந்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஆய்வு. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், தன் வரம்புக்குள் வரும் அணைகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. உங்கள் ஏரியில் கடைசி ஆய்வு எப்போது நடந்தது, ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்த்தார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பெயரைச் சொல்லி, ஆனால் ஒருவர் தன் கையெழுத்தில் மனு போடட்டும்.

கரை உடைவதைவிட, நீர் திறப்புதான் உங்களுக்கு அடிக்கடி வரக்கூடிய ஆபத்து. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் கரை உடையவில்லை. விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. ஏற்கெனவே மழை நீரால் நிரம்பி ஓடிய அடையாறு அதைத் தாங்கவில்லை. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2020 நிவர் புயலின்போது 24 அடி வரை காத்திருக்காமல் 22 அடியிலேயே திறந்தார்கள். ஆகவே சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் ஏரி மட்டத்தை அக்டோபர் தொடங்கிப் பாருங்கள். 21 அடியைத் தாண்டி, மழையும் விடாமல் இருந்தால் உபரிநீர்க் கால்வாயை ஒட்டிய வீட்டுக்காரர்கள் வண்டியையும் பத்திரங்களையும் மேட்டுக்கு மாற்றிவிடலாம். அறிவிப்பு நள்ளிரவில்கூட வரும்.

சரி, யாரிடம் சொல்வது? நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடம். நிலைமை அவசரமானால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. "கசிகிறது" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. எந்த மதகிலிருந்து எத்தனை அடி தூரம், அன்றைய ஏரி மட்டம், நீர் தெளிவா கலங்கலா, ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம், இதையெல்லாம் எழுதி, பக்கத்தில் ஒரு செருப்பையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுத்துக் கொடுங்கள். வாளிக் கணக்கை வாரம் ஒருமுறை எடுத்து வையுங்கள். ஏரி மட்டம் ஏறாமலே வாளி சீக்கிரம் நிரம்ப ஆரம்பித்தால், நீர் தெளிவாக இருந்தாலும் மறுபடி போய்ச் சொல்லுங்கள்.