ஒன்பது முறை திருத்தம்: இது இயல்புதானா?

கேள்வி: ஐந்து பேர் கொண்ட சிறிய மார்க்கெட்டிங் ஏஜென்சியில் சேர்ந்து மூன்று மாதம். டிசைன், வாசகம், கிளையன்ட்டுடன் பேச்சு எல்லாம் என் தலையில்தான். ஒரே போஸ்டருக்கு ஒன்பது திருத்தம். எங்கும் இப்படித்தானா?

பதில்: பல வேலையை ஒருவரே பார்ப்பது சிறிய ஏஜென்சிகளில் சகஜம். ஒன்பது திருத்தம் சகஜமல்ல. கோளாறு பெரும்பாலும் டிசைனில் இருக்காது; வேலை தொடங்கிய விதத்தில் இருக்கும். யாருக்காக, என்ன செய்தி, எந்த அளவு, எந்தத் தேதி என்று ஒரே பக்கத்தில் எழுதி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். வாசகம் உறுதியான பிறகே டிசைனைத் தொடுங்கள். கிளையன்ட் தரப்பில் இறுதி முடிவு சொல்பவர் யார் என்பதை முதல் நாளே கேளுங்கள். அவர்களுடைய மேலாளர் சரி என்ற போஸ்டரை அவர்களுடைய முதலாளி கடைசி நாளில் பார்த்தால், எல்லாம் முதலிலிருந்துதான்!

இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடக்கம், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம் என்று கொட்டேஷனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் குரல் பதிவில் வரும் திருத்தங்களை எழுதி அனுப்பி உறுதி செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் சண்டை வந்தால் கைகொடுப்பது அதுவே.

அச்சுக்குப் போகும் கோப்பு சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை) நிறத்தில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில், நாலு பக்கமும் வெட்டும்போது போகும் 3 மி.மீ. கூடுதல் விளிம்போடு இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துருவே தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றாமல் அனுப்பினால், அச்சகத்தின் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறக்கூடும்.

கேள்வி: கூகுள் விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கலாம்?

பதில்: கிளையன்ட் பெயரில். ஏஜென்சிக்கு நிர்வாக அனுமதி போதும்.