திண்ணை, மெக்காலே, மாண்டிசோரி: கேட்டவையும் என் பதில்களும்

கல்விக் கோட்பாடுகள் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வந்தன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அட்மிஷன், நீட், ஆசிரியர் இடமாறுதல் இதெல்லாம் என்னிடம் இல்லை. இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை" என்று, இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே சொன்னதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

கடலூர் ஆசிரியை: சார், சென்னையிலிருந்து ஒரு கல்வி முறை இங்கிலாந்துக்குப் போனது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அம்மா. ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார். 1789 வாக்கில் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒரு நாள் போகிற வழியில் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்திருக்கிறார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் கொடுக்கவில்லை. சரி என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்று விட்டார். பையன் சொல்லிக்கொடுத்தான். அதிலிருந்து ஒரு முறையே கிளம்பியது. 1797-ல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார், 'மெட்ராஸ் முறை' என்று பெயரும் ஆனது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

இதே சமயத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் மாணவனை வைத்தே மாணவனுக்குக் கற்பிக்கும் பள்ளி நடத்தினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஆளுக்கொரு மதப்பிரிவும் சங்கமும் பின்னால் நின்றன. நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

கவனிக்க வேண்டிய விஷயம் எண்ணிக்கை. திண்ணையில் சட்டாம்பிள்ளை இருந்தது பத்துப் பதினைந்து பேருக்குள். அதையே லங்காஸ்டர் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, விசிலும் சைகையுமாக நடத்தினார். அங்கே அது கல்வி முறையாகப் பரவவில்லை, ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் வழியாகத்தான் பரவியது. எந்தக் கோட்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், செலவு யாருடையது?

சேலம்: இன்றைய பள்ளி, தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கப் பிரஷ்யா கண்டுபிடித்ததுதானே?

அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் கட்டாயக் கல்விச் சட்டம் போட்டது 1763-ல். அப்போது அங்கே பெரும்பாலும் வயல்தான், தொழிற்சாலை எங்கே? பைபிள் படிக்கிற, சொன்னபடி கேட்கிற குடிமக்கள் வேண்டும் என்பதுதான் நோக்கம். யூடியூபை நிறுத்துங்கள்.

திருச்சி பி.எட். மாணவர்: ஹெர்பார்ட் யார்? தேர்வுக்கு வேண்டும்.

ஜெர்மன் தத்துவவாதி. மீதிக்கு கைடு இருக்கிறது தம்பி. ஆனால் ஒன்று சொல்கிறேன். பயிற்சிக்குப் போகும்போது நீங்கள் எழுதுகிற 'நோட்ஸ் ஆஃப் லெசன்' இருக்கிறதே, ஆயத்தம், பாடம் வழங்கல், தொடர்புபடுத்தல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல் என்று கட்டம் கட்டமாக, அது அவருடைய சீடர்கள் ஜெர்மனியில் வகுத்த ஐந்து படிகளின் வாரிசு. அவர் கேட்டது சாதாரணக் கேள்வி: பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை எப்படி ஒட்டுவது? சீடர்கள் அதைப் படிவமாக்கினார்கள். படிவத்தைச் சரிபார்ப்பது ஆய்வாளருக்குச் சுலபம், அதனால் படிவம் நின்றது, கேள்வி போயிற்று. "மாணவர் விடையளிப்பர்" என்று வகுப்புக்கு முதல் நாள் இரவே எழுதிவைப்பதை வேறு எப்படிச் சொல்ல?

கும்பகோணம்: ஆங்கிலேயர் வருமுன் எல்லோருக்கும் கல்வி இருந்தது. மன்றோ அறிக்கையே சாட்சி. மெக்காலே வந்து கெடுத்தான். ஆதாரம் இதோ (அதே படம்)

படம் வந்தேவிட்டது. ஐயா, அந்தப் பேச்சு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1835 பிப்ரவரி 2 அன்று பேசியதாகப் போட்டிருக்கிறது. மெக்காலே 1834-லேயே சென்னையில் கப்பலிறங்கி ஊட்டி வழியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தேதியில் லண்டனில் எப்படிப் பேசுவார்? அன்று அவர் கல்கத்தாவில் கையெழுத்திட்டது கல்விக் குறிப்பு ஒன்றில். ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்று அதில் எழுதியிருக்கிறார். திட்டுவதற்கு அதுவே போதும், பொய் எதற்கு?

சென்னை மாகாண கவர்னர் மன்றோவுக்கு வருவோம். 1822-ல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார், 1826-ல் தொகுத்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பேர். பள்ளிக்குச் சராசரி 15. வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட ஏதோ ஒரு படிப்பு இருந்தது என்பது அவர் மதிப்பு. தமிழ்ப் பகுதிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை. இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் சற்று முந்தைய காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இருந்ததைவிட இது மேல் என்று அவரே எழுதினார். இதெல்லாம் உண்மை, பெருமைப்படலாம்.

வேலூர் (இடையில்): பெருமையா? அந்த அட்டவணையில் பெண்கள் எத்தனை பேர், சேரிப் பிள்ளை எத்தனை பேர் என்று சொல்லுங்கள் தோழர்.

சொல்கிறேன். பெண்கள் 4,540. 1,88,650-ல். அதிலும் கோயில் ஆடல் மகளிர் கணிசம். சேரிப் பிள்ளைக்கு அட்டவணையில் தனிப் பத்தியே கிடையாது. 'பிற சாதிகள்' என்று ஒரு பத்தி, அதற்குள் யார் யார் என்பதில்தான் இன்றுவரை சண்டை. அதைக் காட்டி எல்லோரும் படித்தார்கள் என்பவர் ஊகிக்கிறார்.

கும்பகோணம்: அப்படியானால் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?

இல்லை ஐயா. பள்ளிகள் நலிவதற்கு மக்கள் ஏழ்மையாகிப்போனதே காரணம் என்று 1823-ல் எழுதியதே பெல்லாரியின் கம்பெனி கலெக்டர் கேம்ப்பெல்தான். அதே கேம்ப்பெல், பிள்ளைகள் செய்யுளைப் பொருள் தெரியாமல் கிளிபோல ஒப்பிக்கிறார்கள் என்றும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கிலாந்து நகலெடுத்தது தகும் என்றும் எழுதினார். ஒரே ஆள், மூன்று செய்தி. ஆளுக்கொன்றை வெட்டி எடுத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம்.

திண்ணையில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். மணலில் அரிச்சுவடி, அப்புறம் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியில் காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களின் வாய்பாட்டைப் பையன் பாட்டாகச் சொல்லுவான். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கணக்கு எழுதவும் அது நேரே உதவியது. வகுப்பு என்ற ஒன்றே இல்லை, அவனவன் வேகத்துக்கு அவனவன் சுவடி. தப்பினால் கோதண்டம், அதாவது கயிற்றில் தொங்கவிடுவது. இதைப் பொற்காலம் என்றும் சொல்ல முடியவில்லை, இருட்டு என்றும் சொல்ல முடியவில்லை.

வேலூர்: கோதண்டத்தை விட்டுவிடாமல் சொன்னதற்கு நன்றி. குலக்கல்வி?

1953-ல் ராஜாஜி கொண்டுவந்தது. கிராமத் தொடக்கப்பள்ளியில் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். அப்படியே ஷிப்ட் போட்டால் இருக்கிற கட்டடம், இருக்கிற ஆசிரியரை வைத்து இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. இங்கேயும் சிக்கனம்தான். காந்தியின் வார்தா திட்டத்தோடு (1937) இதைக் குழப்பாதீர்கள். அங்கே தொழில் பள்ளிக்குள், எல்லாப் பிள்ளைக்கும். இங்கே அப்பன் தொழில் பிள்ளைக்கு. பெரியார் எதிர்த்தார், 1954-ல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போனது.

கோவை: எங்கள் தெருவில் மாண்டிசோரி என்று போர்டு. மகளுக்கு மூன்று வயது. நம்பலாமா அண்ணா?

அட்மிஷன் கேள்விதான், ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பெயரை யாரும் போர்டில் எழுதலாம். இந்த முறையை உருவாக்கிய இத்தாலியரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறு வந்து பயிற்சி கொடுத்தவர். போரில் இத்தாலியர் எதிரி நாட்டார் ஆனதால் 1946 வரை ஊர் திரும்ப முடியவில்லை, கொடைக்கானலிலும் இருந்தார். அதனால் நம் பக்கம் உண்மையான பயிற்சி பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. அரை மணி நேரம் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். மூன்று முதல் ஆறு வயது வரை ஒன்றாக இருக்கிறார்களா? பத்துக் கட்டைகள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரம் ஒன்றே ஒன்று இருந்து, இன்னொரு பிள்ளை தன் முறைக்குக் காத்திருக்கிறதா? நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதுரை: செயல்வழிக் கற்றல் என்ன ஆச்சு?

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைகளும் ஏணியும்தான் அடிப்படை, அதாவது பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொரு அட்டையாகப் படி ஏறுவது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்களே, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் அட்டை கிழிந்தால் அடுத்த செட் எப்போது வரும், மூன்று வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்றால் என்ன செய்வது? பழைய கேள்விதான். இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள்.

ஈரோடு: ஃபின்லாந்து மாதிரி நாம் ஏன்…

மேலே சேலத்துக்கு முன்னால் நான் சொன்னதைப் படியுங்கள். எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்?

நாமக்கல்: மெக்காலே சொன்ன பிச்சைக்காரன் மேட்டர்…

போதும்.

கும்பகோணம்: திண்ணை பற்றி எனக்கு இன்னும் பத்துக் கேள்வி பாக்கி.

வாருங்கள், ஆனால் உங்கள் மாவட்ட கலெக்டர் அன்று அனுப்பிய அட்டவணையைப் படித்துவிட்டு வாருங்கள். காந்திய ஆய்வாளர் தரம்பால் தொகுத்த 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' நூலில் அவை இருக்கின்றன. வேலூருக்கும் இதையே சொல்கிறேன். கனரா கலெக்டர் மட்டும் அந்தப் படிவத்தை நிரப்பவே இல்லை, ஆகவே மங்களூர்க்காரர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கு இந்த வீட்டுப்பாடம் கிடையாது.