1934 கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் அப்டன் சின்க்ளேர் ஏன் தோற்றார்?

கொள்கை பிடிக்காமல் மக்கள் கைவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. (அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் நேரடியாக வாக்களித்து வருபவர்; மாநில ஆட்சியை நடத்துவதில் நம் முதல்வரைப் போல.)

நாவலாசிரியரான சின்க்ளேர் பல காலம் சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1933இல் ஜனநாயகக் கட்சிக்கு மாறி, 'கலிஃபோர்னியாவில் வறுமையை ஒழிப்போம்' என்று கிளம்பினார். அன்றைய பொருளாதாரப் பெருமந்தத்தால் மூடிக்கிடந்த ஆலைகளையும் தரிசாகக் கிடந்த நிலங்களையும் அரசு எடுத்து, வேலையில்லாதவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே உற்பத்தி செய்யட்டும் என்பதுதான் திட்டம். வறிய முதியோருக்கு மாதம் 50 டாலர் ஓய்வூதியமும் உண்டு. கட்சியின் உள்தேர்தலில் அமோகமாக ஜெயித்தார்.

அப்புறம்தான் அவருக்கு எதிராகப் பணம் இறங்கியது. அவருடைய நாவல்களில் பாத்திரங்கள் பேசிய வரிகளை அவருடைய சொந்தக் கருத்தாகப் பத்திரிகைகள் அச்சிட்டன. எம்ஜிஎம் ஸ்டுடியோ போலிச் செய்திப்படங்கள் தயாரித்தது. அவர் ஜெயிப்பார் என்று நம்பி நாடோடிகள் கூட்டமாக வருவதுபோல் திரையரங்குகளில் காட்டினார்கள். ஸ்டுடியோ ஊழியர்களின் சம்பளத்திலிருந்தே எதிரணிக்கு நன்கொடை பிடித்தார்கள். இது அப்பட்டமான அநியாயம் என்பேன்.

சொந்தக் கட்சியும் காப்பாற்றவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் கடைசிவரை ஆதரவு தரவில்லை. மூன்றாவது வேட்பாளர் ரேமண்ட் ஹெயிட் சுமார் 13 சதவீதம் பிரித்தார். குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் மெரியம் ஏறக்குறைய 49, சின்க்ளேர் 38.

ஆனால் இயக்கம் அன்றே முடியவில்லை. அதே தேர்தலில் அதன் ஆதரவாளர்கள் பலர் மாநில சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவரான கல்பர்ட் ஓல்சன் 1938இல் ஆளுநராகவே வென்றார்.