தூரத்தை 800ஆல் வகுத்து விமான நேரத்தைச் சொல்லாதீர்கள்

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே 1,600 கி.மீ. தூரம், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரையோ பார்க்க அவசரமாகக் கிளம்புகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

நானும் இதே கேள்வியை இணையத்தில் தட்டினேன். 2 மணி 30 நிமிடம் என்று வந்தது. மறுநாள் மாலை நான்கு மணிக்கு அக்காவுக்கு அறுவை சிகிச்சை. டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்பே, "மதியத்துக்குள் வந்துவிடுவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? பூமியின் மேல் இரு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வளைகோட்டை அளந்து, மணிக்கு 800 கி.மீ. போல ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்க்கிறார்கள். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

என் தடத்தில் நேரடி விமானம் ஓடவில்லை. முதலில் எதிர்த்திசையில் 500 கி.மீ. தள்ளியிருந்த பெரிய நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு இருந்தது ஏ.டி.ஆர். 72. விசிறி வைத்த அந்த விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ.தான். இணைப்பு விமானம் பிடித்தால் மூன்று மணிக்குச் சேரலாம். சரி, நான்குக்கு முன்னால்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

காலையில் பனிமூட்டம். பலகையில் 7.20 என்பது 7.50 ஆனது, பிறகு 8.40, பிறகு 10.10. ஒரே தடவையில் உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்ததால், தவறிய இணைப்புக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்கவில்லை. மாலையில் வேறு விமானம் கிடையாது. அக்கா ஊரின் ஓடுதளத்தில் இரவில் இறங்க விளக்கு வசதி இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அறுவை அறைக்குள் கொண்டுபோகும்வரை அக்கா செவிலியிடம் மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

எல்லா இணைப்புப் பயணமும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நேரடி விமானம் இருந்தால் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். அப்போதும் காற்று இருக்கிறது. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விட்டது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தடம் அது. எதிர்க்காற்று என்றால் தலைகீழ்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியண்ணன் அந்த மருத்துவமனையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் குடியிருக்கிறார். அன்று அவர் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் உறவுக்காரர்கள் இன்றுவரை "நீ ஏன் நேரத்துக்கு வரவில்லை" என்று கேட்பது என்னைத்தான்.

நீங்கள் தூரத்தை விடுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு விமானம் உண்டு என்று பாருங்கள். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் வாங்குங்கள். கடைசி இணைப்பை நம்பாமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். ஊர்ப் பெயர்களைக் கேள்வியில் சேர்த்தால் நானும் தேடிப் பார்க்கிறேன்.