கோதுமை பீரில் வாழைப்பழ எசன்ஸ் கலக்கிறார்களா?

பெங்களூரு ப்ரூவரி பப்பில் குடித்த கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வந்ததே, எசன்ஸா, நம் ஊட்டி பார்களில் கிடைக்கும் பாட்டில் பீரில் ஏன் அது இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எசன்ஸ் எல்லாம் இல்லை. அது ஹெஃபவைசன் என்கிற ஜெர்மன் வகை. அதற்குப் போடும் ஈஸ்ட் புளிக்கும்போதே ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்கும், பழுத்த வாழைப்பழத்தில் மணப்பதும் அதுதான். கூடவே லேசாகக் கிராம்பு வாசனையும் வரும், அடுத்த முறை நுரை அடங்குவதற்குள் மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வடிகட்டாததால் கிளாஸ் நீராகாரம் மாதிரி கலங்கலாகத்தான் இருக்கும், கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள் (குன்னூரிலிருந்து முதல்முறை போன நான் அனுப்பினேன், பரிமாறியவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!).

பாட்டிலில் வருவது பெரும்பாலும் லாகர். குளிர்ச்சியில் மெதுவாகப் புளிக்கவைத்து, வடிகட்டி, சூடுபடுத்திக் கிருமி நீக்கி அடைப்பதால் மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் வாசனை கம்மி.

சாப்பிட என்றால் கோதுமை பீருக்கு மீன் வறுவல் நல்ல ஜோடி. ஐபிஏ என்கிற கசப்பு தூக்கலான பீர் வாங்கினால் காரமாக எதுவும் வேண்டாம், அந்தக் கசப்பு மிளகாய் எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும்.

அப்புறம், பெங்களூரிலிருந்து அன்றைக்கே ஊட்டிக்குத் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். வழியிலுள்ள பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், அதைத் தாண்டினாலும் ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.