டீசல் டேங்கில் ஆறு லிட்டர் பெட்ரோல்

கேள்வி: பல ஆண்டுகள் பெட்ரோல் கார் ஓட்டிவிட்டு, அண்மையில்தான் டீசல் காருக்கு மாறினேன். நேற்று பங்கில் பழைய பழக்கத்தில் பெட்ரோல் குழாயை எடுத்துச் செருகிவிட்டேன். கவனித்து நிறுத்துவதற்குள் 6 லிட்டர் இறங்கிவிட்டது. டேங்கின் கொள்ளளவு 50 லிட்டர். அதில் ஏற்கெனவே 10 லிட்டர் டீசல் இருந்திருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. தள்ளி ஓரமாக நிறுத்தியிருக்கிறோம். மீதி இடத்தை டீசலால் நிரப்பி ஓட்டினால் ஒன்றும் ஆகாது, தன் பழைய வண்டியிலேயே அப்படிச் செய்திருக்கிறேன் என்கிறார் நண்பர். டேங்கை முழுதாகக் காலி செய்தே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மெக்கானிக் பேச்சை. அவர் தனக்கு வேலை தேடிக்கொள்கிறாரோ என்ற ஐயம் உங்கள் கேள்வியில் லேசாகத் தொனிக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அந்த ஐயம் வேண்டாம். அவர் கேட்பது சின்ன வேலை. அதைச் செய்யாமல் விட்டால் பிறகு வருவதுதான் பெரிய வேலை.

நண்பரும் பொய் சொல்லவில்லை. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கக் கொஞ்சம் பெட்ரோல் கலந்துகொள்ளலாம் என்று சில கார்களின் கையேடுகளே ஒரு காலத்தில் அனுமதித்தன. அன்றைய இன்ஜின்களின் பம்ப் தடித்த தோல்காரர். எதைக் கொடுத்தாலும் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் முறை வந்தது: பம்ப் டீசலை உயர் அழுத்தத்தில் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் தேக்கும், அங்கிருந்து இன்ஜெக்டர் என்ற தெளிப்பான்கள் அதை இன்ஜினுக்குள் தெளிக்கும். பிறகு மெல்ல மெல்ல எல்லா டீசல் கார்களும் அந்த முறைக்கு மாறின. நண்பரின் அனுபவம் பழைய பம்புக்குப் பொருந்தும், உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

ஏன் என்று விளக்குவதற்கு முன் ஒரு தவறான பயத்தை விலக்கிவிடுகிறேன். டீசல் இன்ஜினுக்குள் பெட்ரோல் போனால் வெடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது ஏறக்குறைய அதற்கு நேர்மாறு. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினைந்து பதினாறு மடங்கு அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். இப்படித் தானாகப் பற்றும் சுபாவத்தைத்தான் சீட்டேன் எண் என்று அளக்கிறார்கள். ஐரோப்பியத் தரவிதிப்படி டீசலுக்கு அது குறைந்தது 51 இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் பெருமையாக எழுதி வைத்திருக்கும் ஆக்டேன் எண் இதற்கு எதிர்த் திசை: தானாகப் பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு அது. ஆகவே பெட்ரோல் கலந்த டீசல் பற்றவேண்டிய நேரத்தில் பற்றாது. தாமதித்து, சேர்ந்து, ஒரே மொத்தமாக எரியும். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் இன்ஜின் சத்தமிடுவது அதனால்தான். கேட்கச் சகிக்காது. ஆனால் உண்மையான சேதம் நடக்கும் இடம் அதுவல்ல.

டீசலை நாம் எரிபொருளாக மட்டுமே பார்க்கிறோம். உயர் அழுத்தப் பம்புக்கு அதுதான் எண்ணெயும். அந்தப் பம்புக்குள் இன்ஜின் ஆயில் வருவதில்லை. உள்ளே உரசிக்கொள்ளும் எல்லா உலோகப் பரப்புகளுக்கும் நடுவில் இருப்பது, அதன் வழியாகப் பாய்ந்துகொண்டிருக்கும் டீசலின் மெல்லிய படலம் மட்டுமே. விரலில் டீசல் பட்டால் வழுக்கும், சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. பெட்ரோல் பட்டால் நொடியில் காய்ந்து தோலை வறட்டிவிடும். பம்புக்குள்ளும் இதே கதைதான். பெட்ரோல் ஒரு கரைப்பான். வழவழப்பைக் கழுவித் துடைத்துவிடும்.

அழுத்தத்தையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று அதிகம். காமன் ரெயில் பம்ப், அதன் முதல் தலைமுறையிலேயே 1,350 பார் வரை அழுத்தியது. இன்றைய வண்டிகளில் 2,000 பாரைத் தாண்டுவது சாதாரணம். இன்ஜெக்டரின் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப்போல் பல மடங்கு. இவ்வளவு நெருக்கத்தில், இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் போய்விட்டால் உலோகம் உலோகத்தைச் சுரண்டத் தொடங்கும். உதிரும் தூள் அங்கேயே தங்கினால் பம்ப் ஒன்றோடு நஷ்டம் முடிந்திருக்கும். அது தங்குவதில்லை. ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டர்களுக்குப் போகும், அங்கே செலவாகாத எரிபொருளோடு ரிட்டர்ன் குழாய் வழியாக மறுபடி டேங்குக்கே வந்து சேரும். பிறகு பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் அதே தூளைக் குடிக்கும். முழு அமைப்பையும் மாற்றச் சொல்லும் ரசீதைப் பார்த்து மயங்கி விழுபவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும் வருத்தமான விளக்கம் இதுதான்.

இதனால்தான் உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை இல்லை. பம்ப் சுழலவே இல்லை. கெட்டுப்போனது டேங்கில் இருக்கும் 16 லிட்டர் மட்டும்.

இனியும் அப்படியே இருக்க வேண்டுமானால் சாவி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினாலே, பல வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் சில நொடிகள் ஓடி எரிபொருளை முன்னே தள்ளும். சில வண்டிகளில் கதவைத் திறந்தாலே இது நடக்கும். அளவுமுள் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் ஆசையில் சாவியைத் திருப்புபவர்கள் நிறைய. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வண்டியை நகர்த்த வேண்டுமானால் ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, நியூட்ரலில் தள்ளுங்கள். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டி, ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் வழி அதன் கையேட்டில் இருக்கும். விளங்கவில்லையென்றால் இழுவை வண்டியில் ஏற்றிவிடுவதே நல்லது.

நண்பரின் யோசனையைக் கணக்குப் போட்டும் பார்த்துவிடலாம். இப்போது டேங்கில் 16 லிட்டருக்கு 6 லிட்டர் பெட்ரோல், அதாவது 37.5 சதவீதம். விளிம்பு வரை டீசல் ஊற்றினாலும் 50க்கு 6. இன்னமும் 12 சதவீதம். காமன் ரெயில் வண்டிக்கு இது அதிகம். குழாயின் நுனியில் இருந்த கால் லிட்டர் பெட்ரோல் மட்டும் டேங்குக்குள் விழுந்துவிட்டது, மற்றதெல்லாம் டீசல் என்றால் அரை சதவீதம். அதற்காக நானே என் வண்டியின் டேங்கைக் கழற்றமாட்டேன். ஒரு லிட்டரை நெருங்கினால் காலி செய்துவிடுவேன். இது என் சொந்தக் கோடு. வண்டித் தயாரிப்பாளர்கள் ஒரு துளிகூடக் கூடாது என்றுதான் எழுதுகிறார்கள்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி காதில் விழுகிறது: பெட்ரோல் எடை குறைந்தது, மேலே மிதக்கும், அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று. எடை குறைந்தது உண்மை, மிதப்பது பொய். இரண்டும் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள். தண்ணீரும் எண்ணெயும்போல் பிரிந்து நிற்காமல் ஒன்றோடொன்று முழுதாகக் கலந்துவிடும்.

காலி செய்யும் வேலையை நீங்களே வீட்டில் செய்ய வேண்டாம் என்பதற்கு, கைத்திறன் அல்ல, தீதான் காரணம். டீசலின் ஆவி தீப்பற்ற அது 55 டிகிரி அளவுக்காவது சூடேற வேண்டும். பெட்ரோலின் ஆவி உறைபனிக்கு 40 டிகிரி கீழேயும் பற்றும். கலவையில் பெட்ரோலின் குணம்தான் முந்தும். ஆகவே அந்த 16 லிட்டரையும் பெட்ரோலாகவே நடத்துங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தள்ளி எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். நல்ல பட்டறையில் எர்த் இணைத்த, தீப்பொறி வராத பம்பால் காற்றோட்டமான இடத்தில் உறிஞ்சுவார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழைய வித்தையை மறந்துவிடுங்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும்; தப்பித்தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நேராக மருத்துவமனைதான். எடுத்த கலவையை ஜெனரேட்டருக்கோ அடுப்புக்கோ விளக்குக்கோ பயன்படுத்தலாமே என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சாக்கடையிலும் ஊற்றக்கூடாது. பட்டறையே அதை முறைப்படி அப்புறப்படுத்தட்டும்.

உங்களைப் போலன்றி, கவனிக்காமல் ஓட்டிவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். சத்தம் மாறுவது, இழுவை குறைவது, வெண்புகை, பிறகு தானாக நின்றுபோவது என்ற வரிசையில் அறிகுறிகள் வரும். முதல் அறிகுறியிலேயே பாதுகாப்பாக ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பட்டறை வரை மெதுவாகப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பம்பின் ஆயுளிலிருந்து கழிகிறது. இப்படி ஓடிய வண்டியில் டேங்கைக் கழுவி ஃபில்டரை மாற்றினால் போதாது. கழற்றிய ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிப்புகளில் உலோகத் தூள் மின்னுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்னவில்லை என்றால் பெரும்பாலும் பிழைத்தீர்கள். மின்னினால் பம்பைத் திறந்து பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். நெடுநேரம் ஓடியிருந்தால் எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜின் ஆயிலிலும் இறங்கியிருக்கலாம், ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது என்றால், பெட்ரோல் குழாயின் முனை சுமார் 21 மில்லிமீட்டர், டீசல் முனை அதைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமன். மெல்லியது அகன்ற வாயில் தாராளமாக நுழையும். பருத்தது பெட்ரோல் காரின் குறுகிய வாயில் நுழைய அடம்பிடிக்கும். துரதிர்ஷ்டம் என்னவென்றால், நுழைய மறுக்கும் அந்தத் தவறுதான் இரண்டில் சேதம் குறைந்தது. பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் புகை கக்கி, பிளக்குகள் கரிபிடித்து நின்றுபோகும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பெரிய முனையை மட்டுமே உள்ளே விடும் அடைப்பான்கள் சில வண்டிகளில் தயாரிப்பிலேயே வருகின்றன. உங்கள் வண்டிக்கு உண்டா என்று விசாரியுங்கள்.

மற்றொன்றையும் புது டீசல்காரர் என்பதால் சொல்லிவைக்கிறேன். உங்கள் வண்டியில் நீல மூடியோடு இரண்டாவது வாய் ஒன்று இருந்தால், அது ஆட்புளூ எனப்படும் யூரியாக் கரைசலுக்கானது. அதை டீசல் டேங்கில் ஊற்றுவது பெட்ரோலைவிடக் கொடிய தவறு. உள்ளே படிகமாக உறைந்து எல்லாவற்றையும் அரித்துவிடும்.

இனி உங்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை. டேங்கை அடிவரை காலி செய்து, ஃபில்டர் வரையிலான குழாயையும் புது டீசலால் அலசச் சொல்லுங்கள். ஃபில்டரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். என்ன ஊற்றினீர்கள், எவ்வளவு, இன்ஜின் ஓடியதா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் பட்டறையிடமும் உள்ளபடியே சொல்லுங்கள். தவறான எரிபொருளுக்குக் காப்பீடு உண்டா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். புது டீசல் ஊற்றியதும் உடனே ஸ்டார்ட்டரை அழுத்தக்கூடாது. குழாயிலுள்ள காற்று முதலில் வெளியேற வேண்டும். அது வெளியேறாமல் சுற்றினால் பம்ப் வறண்டு ஓடும், பெட்ரோலிடமிருந்து காப்பாற்றிய பம்பைக் காற்றிடம் பறிகொடுப்போம். மின்பம்பை நான்கைந்து முறை ஓட விட்டுவிட்டுத்தான் முதல் ஸ்டார்ட். சில நொடிகள் கூடுதலாகச் சுற்றினால் பதற வேண்டாம். பத்து நொடிக்குள் பிடிக்காவிட்டால் நிறுத்தி, மறுபடி காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள்.