வாத்துப் படம் தெளிவில்லை, லென்ஸை மாற்றலாமா?

கேள்வி: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவும் 70–300 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். நீரில் நீந்தும் காட்டு வாத்துகளை எடுத்தால் படம் மங்கலாகவே வருகிறது. 150–600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகலாம். ஆனால் மங்கல் எதனால் வருகிறது என்று தெரியாமல் வாங்கினால், அதே மங்கலைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். எடுத்த படங்களை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். வாத்து மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள சிற்றலை பளிச்சென்று இருக்கிறதா? அப்படியானால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. வெயில் மின்னும் அலை விளிம்பு ஃபோகஸைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். பறவையின் கண்ணைக் கண்டறியும் வசதி கேமராவில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் தொடர் ஃபோகஸில் (பறவை நகர நகரக் கேமராவே சரிசெய்துகொள்ளும் முறை) ஒற்றைப் புள்ளியை வாத்தின் தலைமேல் வையுங்கள்.

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். நீந்தும் வாத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, சிறகடிக்கும்போது 1/2000 அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிகளை) பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைவை அழிக்க முடியாது.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களில் ஒன்று கூர்மையாகவும் அடுத்தது விளிம்பு நெளிந்தும் இருந்தால், நீருக்கு மேலே உள்ள காற்றின் வெப்ப அலைவுதான் குற்றவாளி. இதற்கு எந்த விலை லென்ஸும் மருந்தாகாது. நீளமான லென்ஸ் இன்னும் மோசமாகக் காட்டும். வெயில் ஏறுவதற்கு முன் எடுப்பதும் கிட்டத்தில் எடுப்பதும்தான் வழி.

இந்த மூன்றும் இல்லை, வாத்து சிறியதாக விழுவதுதான் சிக்கல் என்றால் கணக்கைப் பாருங்கள். 55 செ.மீ. நீளமுள்ள வாத்து 30 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் நின்றால், உங்கள் கேமராவில் 300 மி.மீ.யில் சுமார் 1,400 பிக்சல் நீளம் விழும். 600 மி.மீ.யில் 2,800. அதே 300 மி.மீ.யை வைத்துக்கொண்டு 15 மீட்டரில் எடுத்தாலும் 2,800தான். நடுவில் இருக்கும் காற்றும் பாதியாகிவிடும். அதனால் கரையோரம் மறைவாக உட்கார்ந்து வாத்துகளை வரவிடுவதற்கே எங்கள் முதல் ஓட்டு. கூட்டமாகக் கழுத்தை நிமிர்த்தி உங்களிடமிருந்து விலகி நீந்த ஆரம்பித்தால் அதற்கு மேல் நெருங்காதீர்கள். இறகு உதிர்க்கும் பருவத்தில் பறக்கும் இறகுகள் ஒட்டுமொத்தமாக விழுந்து, சில வாரங்கள் அவற்றால் பறக்கவே முடியாது. அப்போது துரத்தினால் தப்ப வழியில்லை.

மறைவும் கிடைக்காது, பறவை எப்போதும் தூரத்தில்தான் என்றால் 150–600 நியாயமான வாங்கல். ஏறக்குறைய 2 கிலோ எடை என்பதை மட்டும் மறக்காதீர்கள். 600 மி.மீ.யில் முழுத் திறப்பு பெரும்பாலும் எஃப்/6.3, அங்கே மசமசப்பாகத் தெரிந்தால் திறப்பைச் சற்றுச் சுருக்கி எஃப்/8 ஆக்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் மணிப்பை) வாங்குங்கள். தரையில் வைத்து லென்ஸை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர முக்காலியைவிட அது வசதி. உள்ளே பிளாஸ்டிக் மணிகள் போடுங்கள், தானியம் நனைந்தால் ஊறிவிடும்.

கேள்வி: நீரின் பளபளப்பை நீக்க சர்க்குலர் போலரைசர் ஃபில்டர் கட்டாயம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: வேண்டாம். அது 1½ முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). 1/1000 என்பது 1/350 அல்லது 1/250 ஆகிவிடும். நீர்ப்பரப்பைச் சுமார் 37 டிகிரி சரிவில் பார்க்கும்போதுதான் அதன் வேலை உச்சத்தில் இருக்கும். நீங்களோ தரையோடு படுத்து எடுக்கிறீர்கள், அங்கே பலன் குறைவு. தவிர, வாத்தைச் சுற்றி நீரில் விழும் மரத்தின் பச்சையும் வானத்தின் நிறமும் பிரதிபலிப்புத்தானே; அதையும் சேர்த்து நீக்கிவிட்டு மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை வைத்து என்ன செய்வது?

கேள்வி: பழைய டெலிஃபோட்டோ லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி பரவாயில்லை; சிலந்தி நூல்போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கேமராவில் மாட்டி, அதிக ஜூமிலும் முழுத் திறப்பிலும் செய்தித்தாள் ஒட்டிய சுவரை நேராக நின்று எடுங்கள். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம், லென்ஸ் கீழே விழுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். அடுத்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு ஒரே இடத்தைப் பத்து முறை எடுங்கள். இரண்டு மூன்று தவறினால் மோட்டாரையோ கேமராவோடு அதன் பொருத்தத்தையோ சந்தேகப்படலாம். வாரன்டி அட்டையிலும் லென்ஸிலும் உள்ள சீரியல் எண் ஒன்றுதானா? திருப்பித் தரும் நாள்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்குள்ளேயே நீரில் உள்ள பறவையையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சுவர் ஓடாது, வாத்து ஓடும்.

கேள்வி: ஏஐ கூர்மையாக்கும் மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா? மல்லார்ட் இன ஆண் வாத்தின் பச்சைத் தலை என் படங்களில் கறுப்பாகத்தான் தெரிகிறது.

பதில்: தலையை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. அந்தப் பச்சை வெறும் சாயமல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. கோணம் மாறினால் நீலமாகும், ஊதாவாகும், கறுத்தும் போகும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், வாத்து தலையைத் திருப்பும்போது தொடர்ச்சியாக எடுங்கள். வெள்ளை நெஞ்சு வெளிறிப்போனாலும் அதே கதைதான். இருண்ட நீரில் வெள்ளை நெஞ்சுள்ள வாத்தை −⅔ எக்ஸ்போஷர் ஈடு (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கொடுத்தும், மின்னும் நீரில் கருத்த வாத்தை +⅔ முதல் +1 வரை கொடுத்தும், ரா வடிவில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) எடுங்கள்.

நாய்ஸ் நீக்கும் ஏஐ மட்டும் ஐஎஸ்ஓ 3200க்கு மேல் உண்மையிலேயே பயன்படும். ஆனால் வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பில் ஆண் வாத்தின் விலாவைப் பாருங்கள்: மெல்லிய நெளிகோடுகள் நெருக்கமாக ஓடும் இடம். அளவு கூடினால் அது வழுவழுப்பான பிளாஸ்டிக் ஆகிவிடும், அல்லது இல்லாத கோடுகளை வரைந்துவிடும். 30–40 அளவில் தொடங்கி, கோடு அழியும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இதை ரா ஃபைலில் முதலிலேயே செய்துவிட்டு, கூர்மையாக்கலைக் கடைசியில், பறவைக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். நீரையும் கூர்மையாக்கினால் அங்கே மணல்போலப் புள்ளிகள் கிளம்பும். நீர்மட்டம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, வாத்தின் கண்ணும் நீரில் தெரியும் அதன் பிம்பக் கண்ணும் ஒரே செங்குத்துக் கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். அடிவானம் இல்லாத படங்களில் இதைவிட நம்பகமான வழி இல்லை.

கேள்வி: லென்ஸே மாற்றாமல் 125 மடங்கு ஜூம் உள்ள கேமரா போதாதா?

பதில்: நிக்கான் பி1000 போன்றவற்றைச் சொல்கிறீர்கள். அதன் ஜூம் 3,000 மி.மீ.க்கு இணை. ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு அதனுடையதைப்போல ஏறக்குறைய 13 மடங்கு பெரியது, முழு ஜூமில் அதன் திறப்பும் எஃப்/8. நல்ல வெயிலில், அசையாமல் மிதக்கும் வாத்தை இனம் காண அது போதும். விடியற்காலையில் சிறகடிக்கும் வாத்துக்கு உங்களிடம் உள்ள 70–300ஏ மேல்.